எலும்பு முசேயும் என் ஓட்டை ஜட்டியும்

ரெட்டியார்பாளையத்து எலும்பு முசேயிடம் போய் மானத்தோடு திரும்பி வந்தவர் புதுச்சேரியில் ஒருவர்கூட இல்லை. வலி போகும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் மானம் அதற்கு முன்பே கிளம்பிப் போயிருக்கும்.

பிரான்சில் ஆஸ்டியோபதி படித்துவிட்டு வந்தவர். மருந்து, ஊசி எதுவும் கிடையாது. கையாலேயே அழுத்தி, இழுத்து, திருகிச் சரிசெய்வார். அங்கே நோயாளி உள்ளாடையோடு நிற்பதுதான் வழக்கமாம். அந்த வழக்கத்தையும் விமானத்தில் ஏற்றி நம்மூருக்குக் கொண்டுவந்துவிட்டார். "வலி சட்டைக்குள்ள ஒளிஞ்சிருக்கு முசே, கழட்டுங்க" என்பார். வருகிற ஆண்களையெல்லாம் ஐயா என்பதற்குப் பதில் முசே என்றே கூப்பிடுவார். ஊரும் அவரை அப்படியே கூப்பிட்டது.

அதோடும் விடமாட்டார். எந்த வேலை செய்து வலி வந்ததோ, அதை அவர் எதிரே செய்து காட்ட வேண்டும். தேங்காய்த்திட்டிலிருந்து கழுத்துவலியோடு வந்த மீன்காரரைக் கூடையும் கையுமாக வரச் சொன்னார். அவர் அரை டவுசரோடு மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடக்க, தெருவே பாத்திரத்தோடு திரண்டுவிட்டது. வைத்தியத்தை நடுவில் நிறுத்திவிட்டு முசேயும் பேரம் பேசி வஞ்சிரம் வாங்கினார்.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு பெத்தாங்க் பைத்தியம். இரும்புக் குண்டை எறிந்து, சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் யார் நிறுத்துகிறார்கள் என்று பார்க்கிற ஆட்டம். எதிராளியின் குண்டை அடித்து விரட்டுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை குருசுக்குப்பம் அணியோடு இறுதி ஆட்டம். அந்த வாரம் பார்த்தா என் வலது தோள் பிடித்துக்கொள்ள வேண்டும்? அவர்கள் தலைவர் அந்துவான் காதில் விழுந்தால் தொலைந்தேன். மரக்குண்டைத் தூரத்திலேயே போட்டு என் தோளை ஒரு வழி பண்ணிவிடுவார். வீட்டில்கூடச் சொல்லாமல் முசேயிடம் ஓடினேன்.

சட்டையும் பேண்ட்டும் ஆணிக்குப் போயின. அன்றைக்கென்று பார்த்து நான் போட்டிருந்தது ஓட்டை ஜட்டி. கையில் குண்டைக் கொடுத்து முற்றத்தில் நிறுத்தினார். எறிந்தேன். அவர் தோளைத் திரும்பியே பார்க்கவில்லை.

"தோள் பாவம் முசே. திருடன் கணுக்கால்ல இருக்கான். எப்பவாச்சும் பிசகிச்சா?"

மழைக்காலத்தில் பைக்கிலிருந்து விழுந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கணுக்கால் சரியாக மடங்காததால் அதன் வேலையையும் தோளே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்ததாம். குந்தி உட்கார்ந்து வெகுநேரம் காலைப் பிடித்துத் திருகினார்.

"இப்ப எறிங்க. குதிகால் தரையில இருக்கட்டும்!"

கை அவ்வளவு லேசாக இருந்தது. சந்தோஷத்தில் வீசிய குண்டு கேட்டுக்கு அடியில் உருண்டு தெருவுக்குப் போய்விட்டது.

கேட் திறந்தது. குண்டைக் கையில் ஏந்திக்கொண்டு அந்துவான் நின்றார். அவர் பார்வை என் தோளில் தொடங்கி ஓட்டையில் வந்து நின்றது.

"இன்னா முசே, தோளா?" என்று என்னைக் கேட்டார்.

எதை மறைப்பது என்று தெரியாமல் நான் தோளை மறைத்தேன்.

"கூச்சப்படாதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார் முசே. "முட்டி வலின்னு வந்திருக்காரு. இப்ப இவரும் கழட்டுவாரு."

ஞாயிறன்று, நான் பயந்தபடியே அந்துவான் மரக்குண்டைத் தூரத்தில் போட்டார். கடைசிக் குண்டு என் கையில். அவருடைய குண்டை அடித்தால் கோப்பை எங்களுக்கு. எல்லைக் கயிற்றுக்கு அப்பால் மனைவி, சம்பந்தி வீட்டார், ஆபீஸ்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடம்பு இறுகிப்போய்க் கை எழவே மாட்டேன் என்றது. அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து எலும்பு முசேயின் குரல்.

"முசே! அன்னிக்கு ஓட்டை ஜட்டியோட எவ்ளோ அழகா எறிஞ்சீங்க! பேண்ட் போட்டதும் இன்னா ஆச்சு? குதிகால்! குதிகால்!"

மைதானமே சிரித்தது. சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் காது வரை சுட்டது. இனிமேல் போவதற்கு என்னிடம் மானம் ஏது? குதிகாலைத் தரையில் ஊன்றி எறிந்தேன். அந்துவானின் குண்டு பறந்தது. கோப்பையை வாங்கும்போதும் என்னால் தலை நிமிர முடியவில்லை.

முசே இப்போது மகளோடு பிரான்சில், துலூஸ் நகரில் இருக்கிறார். தோள் பிடித்தால் வேறொருவரிடம் போகிறேன். நல்ல மனிதர், சட்டையைக்கூடக் கழற்றச் சொல்வதில்லை. ஆனாலும் கடைசிக் குண்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் கயிற்றுப் பக்கம் கொஞ்சம் காது கொடுக்கிறேன், யாராவது என் மானத்தை வாங்க மாட்டார்களா என்று.