பூச்சாடிக் கொசு வழக்கு

அநியாயம் நடந்தது என் உம்மா ஜஹானாவுக்கு. செய்தவர் என் வாப்பா பாயிஸ். அவர் சுமத்திய பழி: உம்மாவின் பூச்சாடிகள்தான் வீட்டுக்குள் கொசு வளர்க்கின்றன.

இரத்தம் குடிக்கும் நுளம்பு என்றாலும் பரவாயில்லை. கடித்துவிட்டாவது போகும். இந்தக் கொசு கடிக்காது; எள்ளுக்குச் சிறகு முளைத்த மாதிரி ஒரு சாதி. சாடி மண்ணிலிருந்து கிளம்பும், மூக்குக்கு நேரே வந்து நின்று சுகம் விசாரிக்கும். எங்கள் ஊர் அம்பிட்டியவில் மழை பிடித்தால் உடுப்பே காயாது. மண் எங்கே காயும்?

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பாரூக் ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். கண்டியில் வாப்பாவின் புடவைக் கடைக்குப் பக்கத்துக் கடை அவருடையது. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினார். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"ஏலக்காயாக்கும் எண்டு நெனச்சன் பாயிஸ். நீந்துதே!"

வாப்பாவின் மானமும் அந்தக் கோப்பையிலேயே மூழ்கியது. ஹாஜியார் படியிறங்கியதும் தீர்ப்பு வந்தது.

"ஜஹானா! நோன்பு பிறக்க முந்தி இந்தக் கொசு போகல்லையெண்டா, சாடி எல்லாம் தாத்தா வீட்டுக்கு!"

தாத்தா என்றால் வாப்பாவின் மூத்த சகோதரி, என் அபீபா மாமி. உம்மாவின் அந்தூரியத்தில் வெகுகாலமாகக் கண் வைத்திருப்பவர்.

"எல்லாமா?" என்றார் உம்மா. ஒவ்வொரு சாடியையும் கிள்ளிவைத்த ஒரு துண்டுத் தண்டிலிருந்து வளர்த்தவர் அவர்.

"எல்லாம்! ஒரு இலை மிஞ்சப்படாது!"

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிக்கிறேன். வாயை மூடிக்கொண்டிருப்பேனா?

"வாப்பா, சாடி இரிக்கிற எடத்தில கொசு இரிக்கி எண்டதுக்காக, சாடிதான் காரணம் எண்டு ஆகாது."

"நான் இரிக்கிற எடத்திலயும்தான் கொசு இரிக்கி. அப்ப நானா காரணம்?"

"ஏன் இருக்கப்படாது?"

"புள்ளையக் கெம்பஸுக்கு அனுப்பினது என்ட பிழை."

மஃரிப் தொழுகை வரைக்கும் வாதாடினேன். உம்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

எதிரியை ஒழிக்க முதலில் களமிறங்கியவள் நான். மஞ்சள் அட்டையில் பசை பூசித் தொங்கவிட்டேன். கொசு ஒட்டியது உண்மை. வாப்பாவின் ஜுப்பாவும் ஒட்டியது. முதுகில் அட்டையும் அட்டையில் கொசுவுமாகக் கடைவரைக்கும் போய்விட்டார். அத்தோடு என் விஞ்ஞானம் தடைசெய்யப்பட்டது.

உம்மாவின் வழி வேறு. மேல்மண் நன்றாகக் காயும்வரை தண்ணீரை நிறுத்தினார். கிழங்குத் துண்டுகளை மண்ணின் மேல் வைத்தார். விடிந்ததும் புரட்டிப் பார்த்தால் அடியில் வெள்ளை நூல் நூலாகப் புழு. துண்டோடு கொதிதண்ணீருக்குள். பிறகு சாடிக்கு மேலே மணல். மூலை மூலையாக வீடு சுத்தமானது.

ஒரு சாடியைத் தவிர. ஜன்னலோரம், வாப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் இருந்தது அது. அதில் மட்டும் சந்தை கூடியது.

உம்மா அதைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தார். அது சுகமானது. சுகமான இன்னொன்றை ஜன்னலோரம் வைத்தார். அதில் கொசு கிளம்பியது.

"பார்த்தியா? செடிதான்!" என்றார் வாப்பா.

நான் வாயைத் திறந்தேன்.

"மகள், நீங்க ஒண்டும் பேச வாணாம்," என்றார் உம்மா. என் வாழ்க்கையில் இதைவிடக் கஷ்டமான கட்டளையை யாரும் இட்டதில்லை.

அன்றே அலுமாரிக்கு மேலிருந்து எதையோ இறக்கினார். புழு, முட்டை ஒன்றும் மிஞ்சாமல் மண்ணைத் தாச்சியில் போட்டு வறுத்தார். ஆம், மண்ணை! ஆறவிட்டுச் சாடியில் கொட்டி, குரோட்டன் ஒன்றை நட்டு, ஜன்னலோரம் வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோன்புக்குப் பிறை பார்க்கும் நாள் நெருங்கியது. அபீபா மாமி முச்சக்கர வண்டியோடு வந்து இறங்கினார். கையில் வெறும் சாக்குகள். வாப்பா எழுந்து நின்று, வக்கீல் மாதிரிக் குரோட்டனைத் தட்டினார். புகைபோலக் கொசு எழும்பியது.

"தாத்தா, கண்ணால பாருங்க! ஆகக்கூட இதிலதான்!"

மாமி ஒரு இலையைப் பிடித்து இழுத்தார். மடக்கினார். முகர்ந்தார்.

"தம்பி, இது போன பெருநாளைக்கு நான் குடுத்த பிளாஸ்டிக் செடியெல்லா?"

வாப்பா குரோட்டனிலிருந்து கையை எடுத்து ஜுப்பாவில் துடைத்தார்.

"பிளாஸ்டிக் செடிக்கு யாரு ஊத்தின?" உம்மா மெதுவாகத்தான் கேட்டார். கரண்டியால் மண்ணைக் கிளறினார். பச்சை நிறத்தில் அவிந்த சோற்றுப் பருக்கைகள். இலைக்கஞ்சி!

வாப்பாவுக்குச் சீனி வருத்தம் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து, உம்மா காலையில் வல்லாரை இடித்துக் காய்ச்சும் கஞ்சி. வாப்பா அந்தக் கதிரையில் இருந்துதான் குடிப்பார். "மாஷா அல்லாஹ், என்ன ருசி!" என்று வெறுங்கோப்பையை நீட்டுவார். நானும் நம்பினேன்.

ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எங்களுக்கு ஒரு தவணை முழுக்கப் படிப்பித்தார்கள். உம்மா அதை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கினார்.

"நேர கேட்டிருக்கலாமே உம்மா?"

"கேட்டா இல்லெண்டு சத்தியம் பண்ணுவார். மனுசனுக்குப் பொய்ச் சத்தியப் பாவம் வேற வேணுமா?"

மாமி வெறும் சாக்குகளை மடித்துக்கொண்டு வண்டியில் ஏறினார். வாப்பா கதிரையில் சாய்ந்தார். மிச்சமிருந்த மானத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு கேட்டார்:

"உங்களுக்கு எப்பலிருந்து தெரியும்?"

உம்மா அந்தூரியத்தின் இலையைத் துடைத்தபடி சொன்னார்:

"கஞ்சிய ஊத்தின முதல் கிழமையே தெரியும். உப்புப் பட்டா செடி கருகிடுமே, அந்தக் கிழமையிலிருந்து உப்பில்லாமத்தான் காய்ச்சிறன்."