ஏறுவோருக்கு முன்னுரிமை

மலைகள் உலகம் தோன்றிய நாள் முதல் சும்மாதான் கிடந்தன. அவற்றுக்கும் ஒரு பயன் உண்டு என்று கண்டுபிடித்த பெருமை 'கண்டி சிகரம் தொடுவோர் கழக'த்தையே சாரும். அதற்கு முன்பு மனிதர்கள் மலையில் பிறந்தார்கள், தேயிலைக் கொழுந்து பறித்தார்கள், விறகு பொறுக்கினார்கள், பிள்ளை பெற்றார்கள், செத்தும் போனார்கள். ஆனால் ஒருவராவது மலை 'ஏறியதாக'ச் சான்று இல்லை. முதுகில் பை இல்லாமல், கையில் மடக்குத் தடி இல்லாமல், உச்சியில் நின்று படம் எடுத்துப் போடாமல் ஒருவர் மேலே போனால் அதற்குப் பெயர் மலையேற்றம் அல்ல. அவர் வீட்டுக்குப் போகிறார், அவ்வளவுதான்.

இந்த நுட்பமான வேறுபாட்டைக் கழகத்தில் வேறு யாரையும்விட நன்றாக உணர்ந்தவர் இராமநாதன். மாநகர சபையில் தலைமைக் கிளாக்கர். கழகத்தில் ஒழுக்காற்றுப் பொறுப்பாளர். அம்பிட்டியவில் மாடி வீடு. சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால், "அம்பிட்டியதாங்க, பரம்பரையா" என்பார். அந்தப் பரம்பரை அவரோடுதான் ஆரம்பமானது என்பதை அவர்களும் கேட்க மாட்டார்கள், அவரும் சொல்ல மாட்டார். அவர் பிறந்தது ஹந்தானைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் உச்சிப் பிரிவில். மேல்கணக்கு என்பார்கள். அங்கே தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் கடைசிக் காம்பராவில் அவருடைய அக்கா பாலம்மா இன்னும் குடியிருக்கிறாள். தம்பி படிக்க வேண்டும் என்று தன் படிப்பை விட்டுவிட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்கியவள் அவள். கழகத்தின் நோக்கங்களுக்கு இந்த விவரம் அவசியமில்லை என்பதால் அவர் அதைக் கழகத்தின் கவனத்துக்குக் கொண்டுவரவில்லை.

சிறு வயதில் தினமும் ஏறி இறங்கிய கால்கள் லேசில் மறக்குமா? எவ்வளவு செங்குத்தான இடத்திலும் இராமநாதனுக்கு மூச்சு வாங்காது. மற்றவர்கள் நாக்குத் தள்ளிப் புல்லில் விழுந்து கிடக்கையில் அவர் மட்டும் சட்டை கசங்காமல் நிற்பார். "அதெல்லாம் மூச்சுப் பயிற்சி" என்று விளக்கம் சொல்வார். கழகத்தார் அந்தப் பயிற்சியைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு வீடுகளில் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் கழகத்துக்குச் செய்த தலையாய தொண்டு 'ஏறுவோர் முன்னுரிமை விதி'. ஒடுங்கிய மலைப்பாதையில் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் எதிரெதிரே வந்தால், இறங்குகிறவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். ஏறுகிறவருடைய மூச்சின் தாளம் குலையக்கூடாது. வெள்ளைக்காரர்கள் பனிமலைகளில் கடைப்பிடிக்கும் இந்த நாகரிகத்தைக் கைப்பேசியில் பார்த்து, தமிழ்ப்படுத்தி, கழகத்தின் சட்டதிட்டமான யாப்பிலும் சேர்த்து, அமுல்படுத்த ஒரு விசிலும் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு கொழுந்து மூட்டையோடு இறங்கிய பெண்கள் எத்தனையோ பேர் பாதையோரத்து வடிகாலான கானுக்குள் இறங்கி நின்று கழகத்துக்கு வழிவிட்டார்கள். விறகுக்கட்டோடு வந்த ஒரு கிழவர் மட்டும், "நானும் ஏறிப்போயித்தாங்கய்யா எறங்குறேன்" என்று வாதாடிப் பார்த்தார். அந்த வாதம் யாப்பில் இல்லை.

கழகத் தலைவர் ஜனகன், கண்டியில் புடவைக்கடை வைத்திருப்பவர், பிள்ளைகளோடு போய் இருப்பதற்குக் கனடா புறப்பட்டுக்கொண்டிருந்தார். அடுத்த தலைவர்தான் கழகத்தை நேபாளத்துக்கு, பனிமலையின் அடிவார முகாம் வரைக்கும் கூட்டிப்போவார். இராமநாதன் அதற்கான தடித்த ஜாக்கெட்டை முன்கூட்டியே வாங்கி, அம்பிட்டிய வீட்டில் மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, அதன் கீழே போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். தலைவர் பதவிக்கு அவரை விட்டால் ஆளில்லை என்றுதான் பேச்சு.

வந்தது ஒரு சங்கடம். புதிய தலைவரை ஒரு மலையுச்சியில் வைத்துத்தான் தெரிவுசெய்வது என்று முடிவுசெய்த ஜனகன், அதற்கென்று பொறுக்கியெடுத்தது இராமநாதனின் மேல்கணக்கு மலையை.

அதற்குத் தகுந்த காரணமும் இருந்தது. போன மாரியில் மண் சரிந்து தோட்டத்து லொறி ரோட்டைப் பள்ளத்துக்குக் கொண்டுபோய்விட்டது. ரோட்டு இருந்த காலத்தில் அந்த மலையை யாரும் சீண்டவில்லை. ரோட்டு போனதும் மலையின் தரம் உயர்ந்து 'கடினம்' ஆகிவிட்டது. அதை இன்னமும் திருத்தாமல் இயற்கையைப் பேணிவரும் அதிகாரிகளுக்குக் கழகம் நன்றித் தீர்மானம் நிறைவேற்றியது. முன்மொழிந்தவர் இராமநாதன்.

அந்த வாரத்தில்தான் பாலம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"தம்பி, நெஞ்சுக்குள்ள என்னமோ புடிச்சி இழுக்குதுடா. ஒருக்கா பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறியா? ரோட்டும் இல்ல, எங்க வீட்டுக்காரரால முடியாது."

"போயா முடியட்டுங்க்கா. ஒரு முக்கியமான மீட்டிங் இருக்கு."

"எங்கடா மீட்டிங்?"

மீட்டிங் அவள் வீட்டுக்கு நேர் மேலேதான் என்று சொல்ல இராமநாதனுக்கு நா எழவில்லை. "அது கொஞ்சம் தூரங்க்கா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தன்று காலையில் பனி கவிந்திருந்தது. இராமநாதன் கறுப்புக் கண்ணாடியும், காதுவரை இறங்கும் தொப்பியும், மூக்குவரை ஏறும் கழுத்துத் துணியுமாக வந்து சேர்ந்தார்.

"என்ன சேர் இது, வெயிலே இல்லையே?" என்றாள் செயலாளர் அனுஷியா. அவள் வங்கி மனேஜர். கழகத்தின் வீடியோக்கள் அவள் பொறுப்பு.

"இனிமே வரும் மிஸ். மலை வெயில் பொல்லாதது."

லயத்துப் பக்கம் போகாமல் சுற்றிப்போகும் வழியை அவரே வகுத்திருந்தார். ஆனால் மண்சரிந்த இடத்துக்கு மாற்று வழி இல்லை. ஒரு பக்கம் ஈர மண்சுவர், மறுபக்கம் பள்ளம், நடுவே ஒரு ஆள் கால் வைக்கும் அகலம். கழகத்தார் ஒருவர் பின் ஒருவராக அதில் பாதித் தூரம் வந்துவிட்டபோது மேலேயிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். ஒரு நீண்ட மரத்தில் கம்பளியைத் தூளியாகக் கட்டி, முன்னும் பின்னுமாகத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்கள்.

"ஐயோ, எவ்வளவு வடிவு!" அனுஷியா கைப்பேசியை உயர்த்தினாள். "இதுதானே அந்தக் காலத்துப் பல்லக்கு? யாரும் அசையாதீங்க, வீடியோ எடுக்கிறேன்."

முன்னால் சுமந்து வந்தவன் மூச்சு வாங்க நின்றான். "பல்லக்கு இல்லைங்க மிஸ், எங்கம்மா. நெஞ்சு வலி. கீழ த்ரீவீல் நிக்குது. நீங்க கொஞ்சம் அந்த வளைவு வரைக்கும் பின்னுக்குப் போனீங்கன்னா நாங்க எறங்கிருவோம்."

அவன் கணேஸ், இராமநாதனின் அக்கா மகன். அவனுடைய தலை தெரிந்தபோதே கம்பளிக்குள் இருப்பது யார் என்று இராமநாதனுக்குத் தெரிந்துவிட்டது. 'அக்கா' என்ற சொல் தொண்டைவரைக்கும் வந்தது. அதற்குள் நேபாளம் குறுக்கே வந்து நின்றது.

கழகம் அதே இடத்தில், ஒற்றை வரிசையில் நின்றபடியே, அவசரக் கூட்டம் நடத்தியது. இப்படியொரு இக்கட்டிலும் ஜனநாயகத்தைக் கைவிடாத அமைப்பு உலகில் வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

"பின்னுக்குப் போறதுன்னா எறங்கணும்," என்றான் திலக்ஷன். நகைக்கடை முதலாளி, அவன் கையில் உடம்பின் சகல விவகாரங்களையும் அளக்கும் கடிகாரம் இருந்தது. "இப்ப எறங்கினா இன்னைய ஏத்தக் கணக்கு முறிஞ்சிரும். திரும்ப அடிவாரத்துல இருந்து தொடங்கணும்."

"பாவம், ஒரு நோயாளிதானே..." என்று பின்வரிசையில் யாரோ இழுத்தார்.

"இன்னைக்கு ஒரு நோயாளிக்கு விட்டுக்குடுத்தா நாளைக்கு எல்லா நோயாளியும் எறங்கி வருவாங்க," என்றார் ஜனகன். "நாம இத உணர்ச்சியால தீர்மானிக்க ஏலாது. ஒழுக்காற்றுப் பொறுப்பாளர் சொல்லட்டும். விதி என்ன?"

எல்லாரும் இராமநாதனைப் பார்த்தார்கள். கணேசும் பார்த்தான்.

பேசாமல் வழிவிட்டிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு நிர்வாகம் தெரியாது. விதியைத் தளர்த்தினால் காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னால் வாய் திறக்க வேண்டும். வாய் திறந்தால் கணேஸ் "மாமா" என்பான். அந்த ஒரு சொல்லில் அம்பிட்டியப் பரம்பரை, மூச்சுப் பயிற்சி, தலைவர் பதவி எல்லாம் பள்ளத்துக்குள் உருண்டுவிடும். எனவே இராமநாதன், தம் சொந்த இரத்தம் என்றும் பாராமல், விசிலை எடுத்து இரண்டு தரம் ஊதினார். இறங்குவோர் ஒதுங்கி நிற்கவும் என்று பொருள்.

சுமந்து வந்தவர்கள் மண்சுவரோடு ஒட்டி நின்றார்கள். தோளில் மரம், தலையில் தூறல். கழகத்தார் தடியை ஊன்றி ஊன்றி, நின்று நின்று, ஒருவர் பின் ஒருவராகக் கடந்து போனார்கள். பண்பு குறையவில்லை, பெரும்பாலானோர் "குட் மோர்னிங்" சொன்னார்கள். சத்து பிஸ்கட் ஒன்றை அனுஷியா கம்பளிக்குள் வைத்துவிட்டுப் போனாள். திலக்ஷன் பாதிவழியில் நின்று நாடித்துடிப்பைப் பார்த்தான், தன்னுடையதை.

ஒழுக்காற்றுப் பொறுப்பாளர் கடைசியாகத்தான் போக வேண்டும். இராமநாதன் தூளியைத் தாண்டும்போது பாலம்மா கண்ணைத் திறந்தாள். பாதி முகம் துணி, மீதி கறுப்புக் கண்ணாடி. தூக்கி வளர்த்தவளுக்கு அதெல்லாம் ஒரு மறைப்பா?

"தம்பி," என்றாள்.

கணேஸ் திரும்பினான். "யாரும்மா? மாமாவா வந்திருக்கு?"

இராமநாதன் கழுத்துத் துணியை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். பாலம்மா அவருடைய தொப்பியைப் பார்த்தாள், விசிலைப் பார்த்தாள், மேலே அவருக்காகக் காத்து நின்ற கனவான்களைப் பார்த்தாள். தம்பியைக் கஷ்டப்படுத்தி அவளுக்குப் பழக்கமில்லை.

"இல்லடா, யாரோ தொர," என்றாள். "அவரு போகட்டும். வழிய மறைக்காதீங்க."

இராமநாதன் மேலே போனார்.

உச்சியில் அவர் ஏகமனதாகத் தலைவரானார். "நோயாளின்னு பாக்கல, கண்ணீருன்னு பாக்கல, விதிய மட்டும் பாத்தாரு," என்று ஜனகன் நாத்தழுதழுக்கப் பேசினார். "இப்படிப்பட்ட ஒருத்தர நம்பித்தான் நாம பனிமலைக்குப் போக ஏலும்." எல்லாரும் கைதட்டினார்கள். அங்கே சிக்னல் நன்றாக இருந்ததால், கைதட்டல் ஓயும் முன்பே கணேசின் அழைப்பும் வந்து சேர்ந்தது.

"மாமா, அம்மா போயிருச்சி மாமா. ஆஸ்பத்திரி கேட் தெரியுது, அப்பதான் மூச்சு நின்டுச்சி. கொஞ்சம் முந்தி வந்திருந்தா பாத்திருக்கலாம்னு டொக்டர் சொல்றாரு."

மறுநாள் இராமநாதன் வெள்ளைச் சட்டையோடு அதே பாதையால் செத்த வீட்டுக்குப் போனார். மூச்சு வாங்கியது. அக்காவின் காலடியில் விழுந்து அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஈமச் சடங்கான காடாத்து முடிந்ததும் கணேஸ் அவரை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனான்.

"மாமா, நீங்க கிளாக்கர். நம்ம ஆளுகளுக்கு என்னன்னாலும் நீங்கதான் எழுதித் தரணும். வழியில எங்கள நிப்பாட்டுனாங்களே, அவங்க மேல ஒரு பெட்டிசன் எழுதுங்க. மத்தவங்கள விடுங்க. விசில் ஊதுன ஆளு யாருன்னு எனக்குத் தெரியணும்."

இராமநாதன் எழுதிக் கொடுத்தார். 'உயிர்காக்கும் பயணத்தை ஈவிரக்கமின்றித் தடுத்த இனந்தெரியாத நபர்' என்று, கல்லும் கரையும்படி. கணேஸ் அதை, பெயர் தெரியாததால் 'கழகத் தலைவர்' என்று மட்டும் முகவரி எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினான். தலைவர் இராமநாதன் அதை முறைப்படி பெற்றுக்கொண்டு, கூட்டத்தில் வாசித்து, வன்மையாகக் கண்டித்து, ஒருநபர் விசாரணைக் குழுவை அமைத்தார். அந்த ஒரு நபராகக் கடமையாற்றும் சுமையையும் தாமே ஏற்றுக்கொண்டார்.

நேபாளம் புறப்படுவதற்கு முன்பே அறிக்கை வெளிவந்துவிட்டது. புகார் எழுதியவரும் விசாரித்தவரும் விசாரிக்கப்பட்டவரும் ஒருவரே என்பதால் வழக்கமான இழுத்தடிப்பு எதுவும் இல்லை. விசில் ஊதியவரை அடையாளம் காண முடியவில்லை என்று அறிக்கை வருத்தத்தோடு தெரிவித்தது. ஆனால் கிடைத்த சாட்சியங்களின்படி, அன்னார் இறந்தவருக்கு எந்த விதத்திலும் சொந்தமோ பந்தமோ அல்லர் என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகிறது என்றும் கூறியது.

இராமநாதன் தம் உத்தியோக காலம் முழுவதும் கையெழுத்திட்ட அறிக்கைகளில், முழுக்க முழுக்க உண்மையான வாக்கியம் இந்தக் கடைசி ஒன்றுதான்.