அடுத்த தெருவில் பாத்திரம் கழுவியவள்

2019 ஜூன் 12, புதன்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். ஐந்தேகாலுக்குப் பால் காய்ச்சினேன். ஏழு இருபதுக்குக் கம்பெனி பஸ். மாலை ஐந்துக்கு அதே பஸ்ஸில் இறங்கினேன். அதுவரை டைரியில் எழுதத் தகுந்ததாக எதுவும் நடக்கவில்லை. ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு நான் இன்னொருவர் வீட்டுக்குள் நுழைந்தேன்.

நாங்கள் புது குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்து அன்று மூன்றாவது நாள். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பிளாக்கில் எல்லா வீடும் ஒரே அச்சு. அதே கேட், அதே வேப்பமரம், அதே பச்சைக் கதவு. எண்ணைப் பார்த்துத்தான் நுழைந்தேன் (எண் பார்க்காமல் எதிலும் நுழைகிற ஆள் நான் இல்லை). எண் சரி. தெருதான் தப்பு.

கதவு திறந்தே இருந்தது. காலையில் அட்டைப்பெட்டிகளாகக் கிடந்த கூடத்தில் இப்போது சோபா, அலமாரி, பெரிய டிவி. மூட்டை பிரிப்பதற்காக லீவு போட்டிருந்த என் கணவர், என்னிடம் சொல்லாமல் கொள்ளாமல் எல்லாம் வாங்கி அடுக்கிவிட்டார் என்று முடிவு செய்தேன். (அடுத்தவர் ரெஜிஸ்டரில் ஒரு புள்ளி தவறினாலும் கண்டுபிடிக்கிற மூளை இது.) சந்தோஷப்பட்டேனா? இல்லை. சிங்க்கில் பாத்திரம் கழுவாமல் கிடந்தது.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தேன். உள்ளறைக் கட்டிலில் தலையோடு போர்த்திப் படுத்திருந்த உருவத்தை நோக்கிக் கத்தினேன்.

“டிவி வாங்கத் தெரியுது, ஒரு டம்ளர் கழுவத் தெரியலையா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“தப்புதாம்மா” என்றது போர்வை.

“எழுந்து துணியையாவது மடிங்க!”

“தோ, மடிக்கிறேன்.”

இருபது வருடக் குடித்தனத்தில் என் கணவர் இவ்வளவு சீக்கிரம் பணிந்ததே இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பதினோராவது பாத்திரத்தைக் கவிழ்த்தபோது வாசலில் காய்கறிப் பையுடன் ஒரு பெண் வந்து நின்றாள்.

“யாருங்க நீங்க? எங்க வூட்ல எதுக்குப் பாத்திரம் தேச்சிகினு நிக்கறீங்க?”

அவள் பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது. நைட் ஷிப்டுக்காகத் தூங்கிக்கொண்டிருந்த அவள் கணவர் தண்டபாணி, மடித்த லுங்கியும் கையுமாக வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

“அப்ப இவ்ளோ நேரம் என்னைத் திட்டிகினு இருந்தது யாரு?”

நான் மன்னிப்புக் கேட்டேனா என்று டைரியில் இல்லை. சோப்பு நுரைக் கையோடு ஓடினேன் என்று இருக்கிறது.

வீட்டில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தேன். காது மடல் எரிந்தது. அரை மணி கழித்து, பால் வாங்கப் போயிருந்த என் கணவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

“விஷயம் தெரியுமா? அடுத்த தெருவுல தண்டபாணின்னு ஒருத்தர். அவரோட ரெண்டாவது சம்சாரம் வந்து உரிமையாப் பாத்திரமெல்லாம் தேய்ச்சிட்டுப் போச்சாம். பால் பூத் முழுக்க இதே பேச்சு.”

“அது நான்தான்.”

அவர் சிரித்து முடிக்க நேரமாயிற்று. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒரு வாரம் லீவு போடு, மறந்துடுவாங்க” என்றார்.

காலையில் பஸ்ஸில் பிளாக்கே உட்கார்ந்திருக்கும். ‘ரெண்டாவது சம்சாரம்’ என்ற பட்டத்தோடு அதில் ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன். லீவு ஃபாரத்தை எடுத்தேன். பெயர், பதவி, நாட்கள் எல்லாம் எழுதினேன். ‘காரணம்’ என்ற இடத்தில் பேனா நின்றது. காய்ச்சல் என்று எழுதலாம். ஆனால் இல்லாததை நான் எழுதியதில்லை. உள்ளதை எழுதினேன்: ‘அடுத்தவர் வீட்டில் பாத்திரம் கழுவியது.’

படித்துப் பார்த்தேன். எந்த அதிகாரி இதற்கு லீவு தருவார்? திருடவில்லை, பொய் சொல்லவில்லை, யார் குடியையும் கெடுக்கவில்லை. உடம்பு கூசியதெல்லாம் நான் செய்ததற்காக அல்ல, பால் பூத்தில் அதோடு சேர்த்த சரக்குக்காக. யாரோ கட்டிய கதைக்கு நான் ஏன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டும்? ஃபாரத்தை நாலாகக் கிழித்தேன்.

(இப்போதும் எங்கள் வீட்டில் துணி குவிந்தால், “தண்டபாணியைக் கூப்பிடட்டுமா?” என்பார் கணவர். “கூப்பிடுங்க, அவராவது சொன்னதும் மடிப்பாரு” என்பேன்.)

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறியதும் நான் உட்காரவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துத் திரும்பி நின்றேன். “வந்துட்டாங்கப்பா” என்று கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல்.

“ஆமா, வந்துட்டேன். நேத்து வீடு மாறிப் போனது நான்தான். நான் யாருக்கும் ரெண்டாவது சம்சாரம் இல்ல, ஸ்டோர்ஸ் கிளார்க். அவரைத் திட்டினது உண்மை. அவர் துணி மடிச்சதும் உண்மை. மத்ததெல்லாம் நீங்க சேர்த்தது. வேற சந்தேகம் இருந்தா இப்பவே கேட்டுடுங்க. ஆபீஸ்ல எனக்கு வேலை கெடக்கு.”

யாருக்கும் சந்தேகம் இல்லை. உட்கார்ந்தேன்.