பழப்புளி போட்டு விளக்கிய ரிவோல்வர்

எங்கள் வீட்டில் மினுங்காத பொருளுக்கு மரியாதை இல்லை. குத்துவிளக்கு, செம்பு, அப்பாவின் காரின் நாலு சில்லு, எல்லாமே மினுங்க வேண்டும். இந்தக் கொள்கையோடு வளர்ந்த ஒருவன் பழைய துப்பாக்கி வாங்கக்கூடாது. நான் வாங்கினேன்.

கைத்துப்பாக்கி விற்பதையும் வாங்குவதையும் கனடா நிறுத்துவதற்குச் சற்று முன்னைய கதை இது. வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, உரிமம் எடுத்து, இலக்குச் சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்து, என் அப்பாவைவிட வயது கூடிய ரிவோல்வர் ஒன்றை வாங்கினேன். அதற்குப் போடும் ரவை, அதாவது தோட்டா, கடுகு போன்றது (சரி, கொண்டைக்கடலை என்று வைத்துக்கொள்ளுங்கள்). அட்டையில் வரைந்த வட்டத்தைச் சுடுவதற்கென்றே செய்தது. நீண்ட குழல், மரப்பிடி, உருக்கின்மேல் மயில் கழுத்துப் போலக் கருநீலம். குழலில் மட்டும் சில துருப் புள்ளிகள்.

ரூஜ் என்ற புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தபோது, வேண்டாம் என்று அம்மா கும்பிடாத குறை.

"நாங்கள் துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி ஓடி வந்தனாங்கள். நீ காசு குடுத்து ஒண்டை வீட்டுக்கை கொண்டு வாறாய்."

"இது விளையாட்டுச் சாமான் அம்மா. பேப்பரைத்தான் சுடுறது."

"பேப்பர் உனக்கு என்ன செய்தது?"

கழகத்தில்தான் அபியைச் சந்தித்தேன். பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து தன் அப்பாவோடு சுட வருவாள். என்னைவிட நன்றாகச் சுடுவாள் (இது பெரிய சாதனை இல்லை). அவளுடைய அப்பா அதிகம் பேசாதவர். பழைய துப்பாக்கிகளைக் கண்டால் மட்டும் முகம் மலரும். எனவே ஒரு சனிக்கிழமைக்குத் திட்டம் போட்டோம். முதலில் ரிவோல்வரைக் காட்டுவது. அவர் மலர்ந்திருக்கும் தருணத்தில் எங்கள் கலியாணப் பேச்சை எடுப்பது.

"எண்ணெய் போட்டு சொஃப்டாத் துடை. தட்ஸ் ஓல்," என்றாள் அபி. "ஓவரா ஒண்டும் செய்யாதை, ப்ளீஸ்."

வெள்ளிக்கிழமை மாலை அம்மா பழப்புளி போட்டுக் குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கறுத்துக் கிடந்த பித்தளை பொன்னானது. அதைப் பார்த்த என் மூளையும் மினுங்கியது. நான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவன். புளியில் அமிலம் இருக்கிறது. அமிலம் துருவைத் தின்னும். அந்த அழகான நீலமும் ஒருவகைத் துருதான் என்பது எப்படியோ அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

ரவை போடும் உருளையைக் கழற்றி வைத்துவிட்டுத் தேய்க்கத் தொடங்கினேன்.

"நான் அதைத் தொடமாட்டன்," என்றார் அம்மா, தூர நின்றபடி. "ஆனா கொஞ்சம் உப்பும் போடு. அப்பதான் நல்லாப் பிடிக்கும்."

உப்பும் போட்டேன். துருப் புள்ளிகள் போயின. பின்னாலேயே நீலமும் போனது. உள்ளே நல்ல வெள்ளி உருக்கு! இத்தனை காலமும் யாரோ இதற்குச் சாயம் பூசி ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கழுவி, எண்ணெய் பூசினால் மினுக்கம் குறையும் என்று பூசாமலே பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

சனிக்கிழமை கழகத்தில், அபியின் அப்பாவான அங்கிளுக்கு முன்னால், மாப்பிள்ளை மிடுக்கோடு பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே கிடந்தது ஒரு செம்மஞ்சள் ரிவோல்வர். உப்பு தன் வேலையை இரவோடு இரவாக முடித்திருந்தது. குழல் முழுவதும் சொறி.

அங்கிள் கண்ணாடியை மாட்டினார். எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"தம்பி, என்ன, ரசம் வைச்சனீரோ?"

"பழப்புளி அங்கிள்... விளக்குக்குப் போடுறது..."

பக்கத்து மேடையில் யாரோ சுட்டார்கள். என்னைச் சுட்டிருக்கலாம்.

"ஏதோ கதைக்க வேணும் எண்டு அபி சொன்னவள். என்ன விஷயம்?"

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் ரிவோல்வரைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"கையில கிடைச்ச நல்ல சாமானை நீர் இப்பிடித்தான் வைச்சிருப்பீரெண்டா..."

"அப்பா, நான் சாமான் இல்லை," என்றாள் அபி. "எனக்குப் புளி பூச வந்தா ஆளின்ர கையை முறிச்சுப்போடுவன்."

"முதல்ல இதைத் திரும்ப நீலமாக்கிக் கொண்டு வாரும். மற்றதைப் பிறகு பாப்பம்."

ஒரு குளிர்காலம் முழுவதும் உரசினேன். என் கலியாணம் ஒரு மணல்தாளில் தொங்கியது. போத்தலில் விற்கும் நீலத்தைத் துடைத்துத் துடைத்து ஏற்றினேன். மயில் கழுத்து திரும்பி வரவில்லை, கத்தரிக்காய்தான் வந்தது. அதையே கொண்டுபோய் நீட்டினேன். அங்கிள் ஐந்தாறு ரவை சுட்டார்.

"நல்லாத்தான் சுடுது," என்றார். பிறகு அபியிடம், "உவன் பழுதாக்கினாலும் இருந்து திருத்துறான். சரி."

கலியாணத்தில் பெண் வீட்டார் கொண்டுவந்த தட்டுகளில் ஒன்றில், பழங்களுக்கு நடுவே ஒரு பைக்கற் பழப்புளி இருந்தது. வைத்தவர் யாரென்று கேட்கத் தேவையில்லை.

பிறகு சட்டம் மாறியது. இனி அந்தக் கத்தரிக்காயை விற்கவும் முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. "எங்கட கலியாணம் மாதிரி," என்கிறாள் அபி. குழம்பு பரிமாறும்போதெல்லாம் மாமா, "மருமோனுக்குப் புளி காணுமோ?" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

அம்மா மட்டும் குனிவதில்லை. வீட்டுக்கு வரும் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லுவார்: "அங்க ஊரில ஒருத்தராலும் ஏலாமப் போச்சு. ஒரு துவக்கை அடக்கினது என்ர பழப்புளிதான்."