நிறம் நிறமாக அடுக்கிய பெருநாள் துணிகள்

குறிஞ்சாக்கேணி,
கிண்ணியா.

கண்ணியத்துக்குரிய வார இதழ் ஆசிரியர் அவர்கட்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்களுக்கும், தங்கள் அச்சுக்கூடத்தாருக்கும், மகளிர் பக்கத்தில் வீட்டுக் குறிப்பு எழுதுகிறவர் எவரோ அவருக்கும் இறைவன் நீண்ட ஆயுளைத் தரட்டும். குறிப்பு எழுதுகிறவருக்குச் சற்றுக் கூடுதலாகவே தரட்டும். என் மனைவி ஸல்ஹா அவரை ஒருநாள் நேரில் சந்திக்க விரும்புகிறாள்.

நான் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருப்பவன். இருபத்திரண்டு வருடமாக மாவு மூட்டையையும் சீமெந்தையும் அடுக்கிய கை இது. மகளிர் பக்கம் வாசிப்பதில்லை என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனாலும் 'வீட்டுத் தையல் துணிகளை ஒரே நாளில் ஒழுங்குபடுத்த ஆறு வழிகள்' என்ற தலைப்பு கண்ணில் பட்டதும் என்னால் தாளைத் திருப்ப முடியவில்லை. காரணம், ஸல்ஹா ஊருக்குத் தைத்துக் கொடுப்பவள். பெருநாளைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது, இருபத்தாறு பேருடைய துணி எங்கள் வீட்டில் இருந்தது. வீட்டில் என்றால் வீடு முழுக்க. சுவரில் ஆணிக்கு ஆணி சொப்பிங் பை, கதிரையில் பை, அலுமாரிக்கு மேலே பை, சமையல் குசினிக் கதவின் பின்னால் பை. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒருத்தியின் துணி, அவளுடைய லைனிங், நூல், அளவுக்கென்று கொடுத்த பழைய சட்டை, எல்லாம் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடக்கும். நான் உடுக்கிற சாரத்தைத் தேடி எடுப்பதற்குள் ஐந்து குடும்பத்துப் பெண்களின் பைகளை நகர்த்த வேண்டியிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஸல்ஹா இறக்கக்கண்டியில் தங்கை பஸ்னாவின் குழந்தைக்குப் பெயர் வைக்கிற நாளுக்குப் போனாள். "மெஷினத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மெஷினை நான் தொடவேயில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். தங்கள் ஆறு வழிகளையும் வரிசையாகச் செய்தேன். பைகளை எல்லாம் அவிழ்த்துக் கொட்டினேன். துணிகளை ஒரே அகலத்துக்கு மடித்து மட்டையில் சுற்றினேன். வெள்ளையில் தொடங்கி மஞ்சள், றோஸ், ஊதா, நீலம், பச்சை என்று நிறம் நிறமாக றாக்கைத் தட்டுகளில் நிறுத்தினேன். கடைசித் தட்டில் கறுப்பு, அபாயாத் துணி, பதினொன்று. வெறும் பைகளைக் குப்பை வண்டிக்குக் கொடுத்தேன். 'பழைய துணிகளைத் தயங்காமல் வெளியேற்றுங்கள்' என்பது தங்கள் ஐந்தாவது வழி. நான் தயங்கவில்லை. இருபத்தாறு பழைய சட்டைகளையும் ஒரு சாக்கில் கட்டி, படகு எஞ்சின் திருத்துகிற ஹஸனுக்கு எண்ணெய் துடைக்கக் கொடுத்தேன். அவன் எனக்காகத் துஆவும் கேட்டான். பிறகு றாக்கையைப் படம் எடுத்து ஸல்ஹாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று நீலக் கோடு காட்டியது, பதில் இல்லை. சந்தோசத்தில் பேச்சு வரவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு, எனக்கு ஒரு தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

மறுநாள் வருவதாக இருந்தவள் அன்றைக்கே இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றாமலே றாக்கைக்கு முன்னால் போய் நின்றாள். ஒரு துணியைத் தொட்டாள்.

"இது யார்ட?"

"நீலம்" என்றேன்.

"நிறம் எனக்கும் தெரியுது. யார்ட எண்டு கேக்கன்."

"நீலத்தில ஆறு இருக்கு. ஆறு பேர்ல ஒராள்டயா இருக்கும்."

அவள் கடைசித் தட்டு வரை குனிந்து தேடினாள். "அளவுச் சட்டையெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?"

ஆசிரியர் அவர்களே, இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ அதிகாரிகள் என் களஞ்சியத்தைச் சோதித்திருக்கிறார்கள். ஒருவர் கேள்விக்கும் நான் இப்படிச் செருப்பில்லாமல் வாசல் தாண்டியதில்லை. ஹஸனின் பட்டறைக்கு ஓடினேன். அவன் எஞ்சினுக்கு அடியில் படுத்திருந்தான். கையில் இருந்தது பூப்போட்ட ஒரு கை, சட்டையின் கை. "நல்லா எண்ணெய் குடிக்கிற துணி மச்சான். இன்னும் இருக்கா?" என்றான். பாதிப் பாதியாக வெட்டியும் முடித்திருந்தான். திரும்பக் கொண்டுவந்த சாக்கைப் பார்த்துவிட்டு ஸல்ஹா அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "பதினாறு வருஷமா ஒரு பெருநாளைக்கும் யார்ட உடுப்பும் பிந்தினதில்ல. இந்த முறை பிந்தினா, அடுத்த பெருநாளைக்கு எவளும் நம்மட வாசலுக்கு வர மாட்டாள்" என்று மட்டும் சொன்னாள். அது உண்மை என்று எனக்குத் தெரியும். அந்த மெஷின் சத்தத்தில்தான் எங்கள் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு இருபத்தாறு பேரையும் வீட்டுக்கு அழைத்தாள். என்னை வாசலில் நின்று எல்லாருக்கும் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். பதினெட்டாவது ஆளுக்கு வரும்போது எனக்கு அது நன்றாகவே வந்துவிட்டது. கறுப்புத் துணிகளை எப்படிப் பிரிப்பார்கள் என்றுதான் நான் பயந்தேன். அவர்களோ கண்ணை மூடிக்கொண்டு தொட்டே சொன்னார்கள். சிக்கல் ஊதாவில் வந்தது. நான் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருந்த மூன்று ஊதாவும் ஒரே துணிக்கட்டிலிருந்து வெட்டியவை. ஒன்று நஸ்ரியா டீச்சருடையது, ஒன்று அடுத்த வளவுச் சுஹைராவுடையது, மற்றது மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் வேலை செய்யும், பெருநாள் விருந்துக்கு வரும் சுலோஜனா அக்காவுடையது.

"ஊருல ஒருத்தருக்கிட்டயும் இல்லாத துணி எண்டு சொன்னீங்களே டீச்சர்" என்றாள் சுஹைரா.

"நீ மட்டும் என்ன, கொழும்பால வந்தது எண்டு கதை விட்டனீ."

"நான் ஒண்டும் சொல்லேல்ல" என்றா சுலோஜனா அக்கா. "கடைக்காரன் எனக்கு மட்டும்தான் எண்டு சொன்னவன்."

மூவரும் ஸல்ஹாவைப் பார்த்தார்கள். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தவள் அவள்தான். பெருநாளன்று சந்தியில் தெரியவேண்டிய விசயம் எங்கள் வீட்டிலேயே தெரிந்து, சிரித்து முடிந்தது. கழுத்தும் கையும் மூன்று பேருக்கும் மூன்று விதம் என்று அப்போதே பேசி எடுத்தார்கள்.

பிறகு அளவு. பழைய சட்டைகள் எண்ணெயில் முடிந்ததால் ஸல்ஹா எல்லாரையும் நாடா வைத்துப் புதிதாக அளந்து கொப்பியில் எழுதினாள். நான் வெளியே கதிரையில் இருந்தேன். உள்ளே ஸல்ஹா நாடாவின் இலக்கத்தை வாசித்ததும் பெரிய சிரிப்பு. அப்போதுதான் எனக்கு விளங்கியது: வருடா வருடம் "ஸல்ஹா, கை பிடிக்குது, இடுப்பு இறுக்குது" என்று வந்த முறைப்பாடுகள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று. அளவுக்கென்று அவர்கள் கொடுத்துவந்தவை கலியாணத்துக்கு முந்திய சட்டைகள். நஸ்ரியா டீச்சருடையது அவ முதல் நியமனத்தில் போட்டுப்போனது. இதுவரை பழி என் மனைவியின் கத்தரிக்கோலுக்குப் போயிருக்கிறது.

பெருநாளைக்கு முதல் நாள் மத்தியானமே கடைசி உடுப்பும் போய்விட்டது. ஒருவரும் திருத்தத்துக்குத் திரும்பி வரவில்லை. பதினாறு வருடத்தில் இதுதான் முதல் தடவை. இப்போது முள்ளிப்பொத்தானையிலிருந்தும் ஆள் வருகிறார்கள். ஸல்ஹா துணிகளை மறுபடி பைகளில் போட்டு, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதித் தொங்கவிட்டிருக்கிறாள். றாக்கையில் இப்போது என் சாரங்கள் நிறம் நிறமாக இருக்கின்றன.

ஆகவே தங்கள் ஐந்தாவது வழியைத் திருத்தி, இக்கடிதத்தை முழுமையாக, என் பெயருடன், மகளிர் பக்கத்திலேயே வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வீட்டாருக்கும் எங்கள் சலாம். இறைவன் தங்கள் கையெழுத்துக்கும் தங்கள் மனைவியின் பொறுமைக்கும் பரக்கத் செய்யட்டும்.

இப்படிக்கு,
கலீலுர் றஹ்மான்

பி.கு: உறையை ஒட்டுமுன் ஸல்ஹா வாசித்துவிட்டாள். தயவுசெய்து இதை வெளியிட வேண்டாம். இருபத்தாறு பேரில் இருபது பேர் தங்கள் வாசகியர். "துணி மாறினா மாத்திக் குடுக்கலாம். அளவு வெளியில போனா மெஷின விக்கிறதுதான்" என்கிறாள். எழுத மூன்று நாள் பிடித்ததால் கிழிக்க மனம் வரவில்லை. தாங்கள் மட்டும் வாசித்துக்கொள்ளுங்கள். ஏதாவது போட்டே ஆகவேண்டுமென்றால் என் இடுப்பு நாற்பத்துநான்கு என்று போடலாம். அதற்கு மட்டும் அனுமதி கிடைத்திருக்கிறது.