சுழல்மேஜையில் ஒரு மீன்

மீனின் தலை மறுபடியும் இசோபேயைப் பார்த்து வந்து நின்றது.

யோகோஹாமா சீனத் தெருவில் பாங் மாஸ்டரின் உணவகம். அதன் மாடியறையில், நடுவே சுழலும் பலகை வைத்த வட்ட மேஜை. மாஸ்டர் தினமும் விடியற்காலையில் பூங்காவில் ஒரு மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து பாகுவா என்ற சீனத் தற்காப்புக் கலை பழகுகிறவர். எதிரே உட்கார்ந்திருந்த இசோபேயோ கராத்தே வாத்தியார். நேராகப் போவான், நேராகக் குத்துவான், சுவர் வந்தால்தான் திரும்புவான். மாஸ்டரின் ஒரே மகள் யூலானைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் கேட்கத்தான் வந்திருந்தான்.

"எங்கப்பாகிட்ட நேரா போய் முட்டிடாதே," என்று யூலான் ஒரு மாதமாகப் பாடம் நடத்தியிருந்தாள். "அவர் தள்ளினா எதிர்க்காதே. அப்படியே வாங்கி, சுத்தி, அவர்கிட்டயே திருப்பி விடு. அசந்துபோயிடுவார்."

அதைத்தான் அவன் சிரத்தையாகச் செய்துகொண்டிருந்தான்.

"நீங்க முதல்ல எடுங்க ஐயா." பலகையைச் சுற்றினான்.

"நீ எடு தம்பி." மீன் திரும்பி வந்தது.

"எனக்கு என்ன தகுதி இருக்கு?" மீன் போனது.

மாஸ்டரின் புருவம் நெளிந்தது. "வேண்டாங்கிறியா?"

"உங்களுக்கு முன்னால நான் எப்படிங்க?"

இந்த முறை மாஸ்டர் உள்ளங்கையால் தள்ளினார். மீன் விர்ரென்று வந்தது. ஆகா, சோதிக்கிறார்! இசோபேக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மணிக்கட்டை வளைத்து, வந்த வேகத்தோடு தன் பங்கையும் சேர்த்து அனுப்பினான். மிளகாய் எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த யூலானின் வெள்ளைச் சட்டை பாழானது.

"ஐயோ, நிறுத்துங்க ரெண்டு பேரும்!"

நிறுத்த அவனுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். எழுந்தான், இடுப்பைத் திருப்பினான், பலகையின் மேல் நேராக ஒரு குத்து விட்டான்.

பலகை நின்றது. மீன் நிற்கவில்லை. அன்றைக்கு முதல்முறையாக நேர்கோட்டில் பயணம் செய்து மாஸ்டரின் மடியில் இறங்கியது.

மாஸ்டர் சட்டையை உதறிக்கொண்டு எழுந்தார். "வேண்டாம்னா வேண்டாம்னு நேரா சொல்லத் தெரியாதா? நேர் வழிக்காரன்னு நம்பித்தானே உன்னை வரச் சொன்னேன்!"

தடதடவென்று படியிறங்கிப் போய்விட்டார். "அப்பா, அப்பா" என்று யூலானும் பின்னாலேயே ஓடினாள். இசோபே தலையில் கை வைத்து உட்கார்ந்தான். கல்யாணம் கைநழுவிப் போயே போய்விட்டது.

சோற்றுப் பாத்திரத்தோடு வாசலில் நின்றிருந்த யூலானின் அத்தை பெருமூச்சு விட்டாள்.

"ஏன் தம்பி, உனக்கு அவ்வளவா பிடிக்கலை?"

"மீன்னா எனக்கு உயிருங்க!"

"மீனை யார் கேட்டா? பொண்ணைக் கேக்கிறேன்."

"அவளுக்காகத்தானே ஒரு மாசமா தலை சுத்தச் சுத்த இந்த வட்டத்தையே பழகினேன்!"

அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"எங்க வழக்கம் அவளுக்கு எங்கே தெரியும், இந்த வீட்டுக்கு வர்ற முதல் மாப்பிள்ளை நீதானே! அடுப்புல இன்னொரு மீன் இருக்கு, கொண்டுவரேன். இந்தத் தடவையாவது கையைக் கட்டிக்கிட்டு உட்காரு. எங்க குடும்பத்துல மீன் தலையை ஒருத்தன் பக்கம் திருப்பி வெச்சா, பொண்ணைக் கொடுத்தாச்சுன்னு அர்த்தம்."