அப்பாவின் முடியும் அம்மாவின் லேப்டாப்பும்

அப்பா சபதம் போட்டால் வீட்டில் ஏதாவது ஒன்று பலியாகும். மிக்ஸியை நானே சரிபண்ணுவேன் என்று சொன்ன அன்று தேங்காய்ச் சட்னி ஃபேனில் இருந்தது. ஃபேனை நானே துடைப்பேன் என்று சொன்ன அன்று ஃபேன் கட்டிலில் இருந்தது. அதனால் போன மாதம் அவர் லேப்டாப்பைத் தூக்கி மடியில் வைத்ததுமே நான் என் போனை எடுத்து அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவிட்டேன்.

லேப்டாப் அம்மாவுடையது. அம்மா பெயர் முத்துச்செல்வி. வீட்டில் இருந்தபடியே உப்பு வியாபாரிகளுக்கு பில் போட்டுக் கொடுக்கிறாள். அம்மா பில் போடாவிட்டால் லாரி நகராது. அப்பா செந்தூர்வேல், உப்பளத்தில் சூப்பர்வைசர். நான் ஐஸ்வர்யா. பிளஸ் டூவோடு படிப்பு போதும் என்று சொல்லிவிட்டு வீட்டில் இருக்கிறேன். ஏன் என்று நீங்களும் கேட்காதீர்கள். எங்கள் மில்லர்புரம் முழுக்கக் கேட்டு முடித்தாயிற்று.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சார்ஜரைச் செருகினால் லேப்டாப்பில் விளக்கு எரியவில்லை. கடையில் கொடுத்துப் பார்க்கலாம் என்றாள் அம்மா. அது போதும் அப்பாவுக்கு.

"கடைக்கா? அளத்துல அம்மாம்பெரிய மோட்டாரையே ஓடவிடுதேன். இந்த அப்பளத்தைச் சரிபண்ண எனக்குத் தெரியாதா?"

"உங்களால முடியாதுங்க."

"முடியலைன்னா மொட்டை போட்டுக்கிடுதேன், போ."

அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

இங்கே அப்பாவின் தலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது தலை இல்லை, தோப்பு. அந்த வயதில் அப்படி முடி எங்கள் சொந்தத்தில் யாருக்கும் கிடையாது. அப்பா கண்ணாடியைப் பார்த்து வகிடு எடுக்கும் நேரத்தில் அம்மா இட்லி ஊற்றி, வேகவைத்து, இறக்கியே விடுவாள். முன்பு அவருக்கு மஞ்சள்காமாலை வந்தபோது, பிழைத்து எழுந்தால் திருச்செந்தூரில் முடி இறக்குவதாக அம்மா நேர்ந்துகொண்டாள். அப்பா பிழைத்தார். எழுந்தார். தலைசீவினார். நேர்ந்தது நீ, முடி என்னுடையது என்று அன்றிலிருந்து ஒரே வாதம். முருகன் பெயரையே வைத்துக்கொண்டு முருகனுக்கே டிமிக்கி கொடுத்த ஆள் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

"மொட்டையா?" என்றாள் அம்மா, மெதுவாக. "திருச்செந்தூர்லயா?"

அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் கேட் பக்கத்தில் அடுத்த வீட்டு ரீனா ஆன்ட்டி நின்றுகொண்டிருந்தார். சாட்சி இருக்கும்போது ஆம்பிளைப்பிள்ளை பின்வாங்க முடியாதாம். சரி என்றார்.

"வார ஞாயித்துக்கிழமை என் தம்பி மகளுக்கு அங்கன காதுகுத்து. நாம போறதுக்குள்ள சரிபண்ணிருங்க" என்று அம்மா வெங்காயத்துக்குத் திரும்பினாள். வெங்காயம் வெட்டும்போது சிரித்துக்கொண்டே கண்ணீர் விட்ட ஒரே பெண் அவள்தான்.

அப்பாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரி. துரு. எங்கள் ஊர் உப்புக்காற்று எதையும் விடாது. சைக்கிள், ஜன்னல் கம்பி, கத்தரிக்கோல், எல்லாவற்றையும் தின்னும். அளத்தில் மோட்டாருக்குக் கிரீஸ் வைப்பது அப்பாவின் வேலை. வீட்டிலும் அதே வேலை. ஞாயிறு காலை பழைய பவுடர் டப்பாவில் கிரீஸை எடுத்துக்கொண்டு ரவுண்டு கிளம்பிவிடுவார். கேட், தாழ்ப்பாள், பூட்டு, குக்கர் கைப்பிடி ஸ்க்ரூ, ஒரு தடவை என் கொலுசு. எங்கள் வீட்டுக்குத் திருடன் வந்தால் பாவம், எதைப் பிடித்தாலும் வழுக்கும்.

திங்கட்கிழமை ஆராய்ச்சி ஆரம்பமானது. முதலில் பிளக் பாயிண்டைச் சந்தேகப்பட்டார். ஹாலில் செருகினார், அடுக்களையில் செருகினார், பாத்ரூம் ஹீட்டர் பாயிண்டில் செருகினார். எரியவில்லை. பிறகு கரண்டைச் சந்தேகப்பட்டார். பிறகு இன்வெர்ட்டரை. பிறகு என்னை. யூடியூபில் ஒருத்தன் சொன்னான் என்று பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். விரல் சிவந்தது. விளக்கு சிவக்கவில்லை.

அன்று ராத்திரி அடியைக் கழற்றி பேட்டரியை வெளியே எடுத்தார். ஃப்ரீசரில் வைத்தால் பேட்டரிக்கு உயிர் வருமாம், இன்னொருத்தன் சொன்னானாம். பாலிதீன் கவரில் சுற்றி சீலா மீனுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார். காலையில் அம்மா ஃப்ரீசரைத் திறந்து, குழம்பு எதில் வைக்கட்டும் என்று கேட்டாள். அப்பா பேட்டரியைத் துடைத்து மாட்டினார். மாட்டி முடித்தபோது ஸ்க்ரூ மீந்தது. மீந்தால் நல்லது, வெயிட் குறையும் என்றார். அதற்கப்புறம் லேப்டாப்பைத் திறந்தாலே பூனை வந்தது.

புதன்கிழமை மத்தியானம் காது குடைய பட்ஸைத் தேடினேன். டப்பா காலி. குப்பைக்கூடையில் பார்த்தால் கறுப்புக் கறுப்பாக ஒரு கொத்து பட்ஸ். யாருக்கு இவ்வளவு அழுக்குக் காது என்று அருவருப்போடு உள்ளே போனேன். அம்மா லேப்டாப்பில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். சார்ஜர் செருகியிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஜம்மென்று.

"ஏம்மா, இது கெட்டுல்லா போச்சு?"

"யாரு சொன்னா?"

அப்புறம் சொன்னாள். ஞாயிறு ரவுண்டில் அப்பா சார்ஜர் பின்னையும் விடவில்லை. பின் இரும்பு மாதிரி இருந்தது, தடவிவிட்டார். பின் போகிற ஓட்டைக்குள்ளும் குச்சியால் கிரீஸை அடைத்துவிட்டார். உப்புத்தூசியும் சேர்ந்து அது கெட்டியாகிப் பின் முழுசாக உள்ளே போகவில்லை. அம்மா அதை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் அதற்குள் அப்பா மொட்டை என்று சொல்லித் தொலைத்திருந்தார். மனுஷனே தலையைக் கொண்டுவந்து நீட்டும்போது நான் ஏன் வாயைத் திறக்கணும் என்றாள்.

"அப்ப டெய்லி நீ துடைக்கியா? பின்ன ஏன் ராத்திரி எரிய மாட்டேங்கு?"

"உங்கப்பா வேலையில உக்காருததுக்கு முன்னால என்ன செய்வாரு?"

யோசித்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அளத்தில் மோட்டாரைத் தொடும் முன் கிரீஸ் வைப்பது பழக்கம். தினமும் சாயங்காலம் டப்பாவைத் திறந்து, முதல் காரியமாகப் பின்னுக்கும் ஓட்டைக்கும் புதிதாக வைத்துவிட்டுத்தான் ஆராய்ச்சியையே ஆரம்பிப்பார்.

"நான் எதையும் கெடுக்கலை. அவரு தடவுதாரு, நான் துடைக்கேன். அம்புட்டுதான்" என்றாள் அம்மா.

ஒரே பிரச்சனை, ராத்திரி அப்பா திறக்கும்போது பேட்டரி நிறைந்திருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதைத் தீர்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அம்மா பில் போட்டு முடித்ததும் அப்பா வீடு வரும் வரை நான் படம் பார்த்துப் பேட்டரியைக் காலி பண்ண வேண்டும். படிப்பை விட்ட பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை. உண்மையைச் சொல்கிறேன், அப்பாமேல் எனக்குப் பாசம்தான். ஆனால் அவர் மொட்டையில் எப்படி இருப்பார் என்று பார்க்கும் ஆசை அதைவிடக் கொஞ்சம் பெரிசு.

சனிக்கிழமை அப்பா ஆடிப்போய்விட்டார். கண்ணாடி முன்னால் நின்று முடியைக் கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டினதும் லேப்டாப்பைக் காய்கறிப் பைக்குள் வைத்து, மேலே முருங்கைக்காயைச் சொருகிக்கொண்டு ரீனா ஆன்ட்டி வீட்டுக்குள் நுழைந்தார். ஆன்ட்டியின் வீட்டுக்காரர் ஜெரால்டு அங்கிள் கப்பலில் எலெக்ட்ரீசியனாக இருந்தவர். நானும் பின்னாலேயே போனேன்.

ஜெரால்டு அங்கிள் டார்ச் அடித்து ஓட்டைக்குள் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அண்ணாச்சி, இதுல என்ன என்று அவர் ஆரம்பிக்கும்போதே ரீனா ஆன்ட்டி ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அம்மா சுட்ட முந்திரிக்கொத்து. சாயங்காலமே வந்து சேர்ந்துவிட்டது போல.

"ஜெரால்டு" என்றார் ஆன்ட்டி. அவ்வளவுதான் சொன்னார்.

அங்கிள் ஒரு முந்திரிக்கொத்தை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். நன்றாக மென்றார்.

"மதர்போர்டு, அண்ணாச்சி."

"அப்படின்னா?"

"வீட்டுல அம்மா மாதிரி. அது நினைச்சாத்தான் மத்ததெல்லாம் ஓடும். நம்ம கையில ஒண்ணும் இல்லை."

அப்பா முருங்கைக்காயை அங்கேயே மறந்துவிட்டு வந்தார்.

ஞாயிறு காலை திருச்செந்தூர். கடல் பளபளவென்று இருந்தது. முடி எடுக்கும் இடத்தில் உட்கார்ந்த பிறகும் அப்பா விடவில்லை. நாலு முடியை மட்டும் பூமுடியாகக் கொடுத்தால் சாமி ஏற்றுக்கொள்ளாதா என்று கேட்டார். அது பொம்பளைகளுக்கு என்றார் கத்தி வைத்திருந்தவர். அம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். தண்ணீர் தெளித்தார்கள். தோப்பு சாய்ந்தது.

கடலில் முங்கி எழுந்து வந்த அப்பாவைப் பார்த்து, அன்றைக்கே மொட்டை போட்டிருந்த மாமா மகள் அழுகையை நிறுத்தினாள். அவளுக்கே பரிதாபமாக இருந்திருக்கும்.

லாட்ஜ் ரூமுக்கு வந்தோம். அம்மாவுக்கு போன் வந்தது. உப்பு லாரி பில்லுக்காக நிற்கிறதாம். அம்மா பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். ஒரு பட்ஸை எடுத்து ஓட்டைக்குள் விட்டுச் சுழற்றினாள். பின்னைத் துணியால் துடைத்தாள். செருகினாள். விளக்கு எரிந்தது. பில் போனது.

அப்பா ஈர வேட்டியோடு நின்று விளக்கையே பார்த்தார். பிறகு அம்மா கையில் இருந்த கறுப்புப் பட்ஸைப் பார்த்தார். வாங்கி மோந்து பார்த்தார். அந்த வாசனை அவருக்குத் தெரியாமலா இருக்கும்.

"இது எம்புட்டு நாளா உனக்குத் தெரியும்?"

"முத நாள்லருந்து."

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா, செல்வி."

"நீங்க கேக்கவே இல்லையே."

கோபம் வந்தால் அப்பா தலைமுடியைக் கோதிவிடுவார். கோதினார். கை நெற்றியில் ஏறிப் பிடரி வரைக்கும் ஒரே வழுக்கில் போய்விட்டது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில் போய், குனியச் சொன்னாள். எதுக்கு என்று முறைத்தார்.

"உப்புக்காத்து அடிக்குல்லா" என்றாள் அம்மா, உச்சந்தலையில் சந்தனத்தை அப்பிக்கொண்டே. "தடவாம விட்டா துருப்பிடிச்சிரும்."